செய்மதிப் படத்தில் நள்ளிரவுக் கோடுகள்

ஆசிரியருக்கு,

மாரி தொடங்கினால் முல்லைத்தீவுக் கரையிலும் இரணைமடுக் கமக்காரரிடையேயும் செய்மதி முகிற்படம் கைபேசியில் சுற்றும். இரவுப் படத்தில் கோடுகள் விழுந்தால் எல்லாமே முகில் அல்ல.

இரவில் முகிலைப் படமெடுப்பது வெப்பத்தைக் காணும் அகச்சிவப்பு உணரி. அது சூடானால் தன் வெப்பத்தையே காணத் தொடங்கும். 2018இல் ஏவப்பட்ட அமெரிக்க வானிலைச் செய்மதி கோஸ்-17இல், உணரியின் வெப்பத்தை வெளியேற்றும் வெப்பக்குழாய்த் தொகுதி சரியாக இயங்கவில்லை. பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்ரெம்பர் காலங்களை அண்டி, நள்ளிரவை ஒட்டிய வேளையில் பூமியின் மறுபக்கத்திலிருந்து வரும் வெயில் குளிர்விப்பான் மீது விழுந்து உணரி சூடேறியது. உணரி பார்க்கும் அலைநீளப் பகுதிகளான அலைவரிசைகளில், காற்றின் ஈரத்தைக் காட்டும் நீராவி அலைவரிசைகளும் 13.3 மைக்ரோன் அலைவரிசையும் முதலில் கெட்டன, 10.3 மைக்ரோன் ஓரளவு தாக்குப்பிடித்தது. ஒளி சேர்க்கும் நேரத்தைக் குறைத்தும், வெப்பமாற்றத்தை முன்கணித்து அளவுதிருத்தம் செய்தும் சமாளித்தார்கள். 2023இல் கோஸ்-18 அதன் இடத்துக்கு வந்தது.

இவை நம் வானத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் நம் பகுதியைப் பார்க்கும் இன்சற்-3டி வகை இந்தியச் செய்மதிகளையும் குளிர்விப்பானில் வெயில் படாமலிருக்க ஆண்டுக்கு இருமுறை திருப்புவார்கள்.

ஆகவே பகிர்பவர்கள் படத்தின் நேரத்தையும் அலைவரிசையையும் குறிப்பிடுங்கள். சந்தேகமென்றால் முந்தைய படங்களை ஓடவிடுங்கள்: முகில் நகரும், பழுதுக்கோடு நகராது. பிறகு ஜப்பானியச் செய்மதி ஹிமாவரி-9இன் படத்துடன் ஒப்பிடுங்கள். அது 140.7 பாகை கிழக்கிலிருந்து சாய்வாகப் பார்ப்பதால் உயர்ந்த முகில்கள் சில பத்துக் கிலோமீற்றர் வரை மேற்கே தள்ளித் தெரியும். கடலுக்குப் போகவிருப்பவருக்கு அந்தத் தூரமும் முக்கியம்.

வானிலை ஆர்வலர்கள்,
கிளிநொச்சி