போடோனியைப் பெரிதாகப் போடுங்கள், சின்னதாக வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ஆடை வடிவமைப்பு பற்றி வந்த பக்கங்களைப் பார்த்தேன். ஆங்கிலத் தலைப்பைப் போடோனி எழுத்துருவில் அரைப் பக்க அகலத்துக்கு வைத்திருந்தது அருமை, அச்சுத் தொழிலில் இருக்கிறவன் என்பதால் அதை ரசித்துப் பார்த்தேன். ஆனால் கீழே படக்குறிப்பில் வடிவமைப்பாளர்களின் பெயர்களையும் அதே எழுத்துருவில் 7 பாயின்ட் என்ற மிகச் சின்ன அளவுக்குச் சுருக்கி, கறுப்புப் பின்னணியில் வெள்ளையாகப் போட்டுவிட்டார்கள். ஆங்கிலச் சின்ன ‘இ’யின் நடுக்கோடு அடைபட்டு ‘சி’ போல நிற்கிறது, ‘என்’ ஒட்டாத இரண்டு குச்சியாகிவிட்டது. பாதிப் பெயர்களை என்னால் படிக்கவே முடியவில்லை.

இது அச்சகத்தின் தவறு இல்லை. நியூஸ்பிரிண்ட், அதாவது செய்தித்தாள் அச்சிடும் தாள், மையை உறிஞ்சும், மை பரவும். கறுப்புக்குள் வெள்ளை எழுத்து என்றால் பரவுகிற மை எழுத்துக்குள்தான் வரும், மயிரிழைக் கோடுதான் முதலில் காணாமல் போகும். அந்தக் கறுப்பு நாலு கலரும் சேர்ந்த கறுப்பாக இருந்து, ஒரு கலருக்கான பிளேட் (அச்சுத் தகடு) துளி விலகினாலும் போதும், இழை இருந்த இடத்தில் நீலமோ சிவப்போ ஏறிவிடும்.

இந்த வகை எழுத்து எந்தத் தாளுக்காகப் பிறந்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜான் பாஸ்கர்வில் வழவழப்பான தாளையும் நல்ல கறுப்பு மையையும் கொண்டு 1757-ல் ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் கவிதைகளை அச்சிட்டார். அப்படிப்பட்ட தாள் கிடைத்த பிறகுதான் மெல்லிய கோடு தாளில் தாக்குப்பிடித்தது. அதை எல்லை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனவர்கள் பாரிஸில் ஃபிர்மேன் டிடோவும், 1768 முதல் இத்தாலியின் பார்மாவில் ஆட்சியாளரின் அச்சகத்தை நடத்திய ஜாம்பத்திஸ்தா போடோனியும். நெட்டுக்கோடு நன்றாகத் தடிமன், கிடைக்கோடும் செரிஃபும் (எழுத்தின் முனையில் வரும் சின்னக் கோடு) இழை, இரண்டும் சேரும் இடத்தில் பெரிய குழைவு கிடையாது, வெடுக்கென்று முட்டி நிற்கும். வோக் ஃபேஷன் பத்திரிகையின் பெயரெழுத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எதுவென்று தெரியும். பெரிதாகப் போட்டால் அந்தத் தடிமனும் இழையும் மாறி மாறி வருவதே ஓர் அலங்காரம், வேறு பூவேலை எதுவும் தேவைப்படாது.

ஆனால் போடோனி ஒரே வரைவை வைத்துக்கொண்டு எல்லா அளவையும் ஒப்பேற்றியவர் இல்லை. ஒவ்வொரு அளவுக்கும் எஃகில் தனியாகப் பஞ்ச் (எழுத்து வார்ப்புக்கான மூல அச்சு) வெட்ட வேண்டிய காலம் அது, சின்ன அளவு வரும்போது இழையைச் சற்றுத் தடிப்பாக விட்டார். அவர் 1813-ல் இறந்த பிறகு, 1818-ல் அவருடைய மனைவி வெளியிட்ட இரண்டு தொகுதி எழுத்து மாதிரிப் புத்தகத்தில் அளவு படிப்படியாக எப்படி ஏறுகிறது என்று பார்க்கலாம். பின்னால் வந்த ஐடிசி போடோனி என்ற எழுத்துருவை உருவாக்கியவர்கள் பார்மாவுக்கே போய் அந்தப் பஞ்சுகளைப் பார்த்து, 6, 12, 72 பாயின்ட் என்று மூன்று தனி வரைவுகளை 1994-ல் கொண்டுவந்தார்கள். ஹார்ப்பர்ஸ் பஜார் என்ற ஃபேஷன் பத்திரிகைக்காக எழுத்துரு வடிவமைப்பாளர் ஜோனதன் ஹோஃப்ளர் செய்த டிடோ எழுத்துருவில் ஏழு அளவுக்கு ஏழு வரைவு. உங்கள் லேஅவுட் கலைஞர் தலைப்புக்கான வரைவை அப்படியே 7 பாயின்ட்டுக்கு இறக்கியிருக்கிறார், சிக்கல் அங்கேதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே பக்கத்தில் தமிழ்த் தலைப்பையும் போடோனி மாதிரி மாற்றப் பார்த்திருக்கிறார்கள், நெட்டுக்கோட்டைத் தடிமனாக்கிக் கிடைக்கோட்டை இழையாக்கி. தலைப்பில் வந்த ‘ட’வைப் பாருங்கள். கீழ்க்கோடு மெலிந்ததும் அது வெறும் ஒரு தூண். ‘ப’வின் அடிக்கோடு போனால் இரண்டு தூண். நம் எழுத்தில் அடையாளமே பல இடங்களில் அந்தக் கிடைக்கோட்டில்தான் இருக்கிறது. ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு பெரும்பாலும் ஒரே தடிமனாகத்தான் ஓடும், அந்தப் பழக்கத்தில் வளர்ந்த எழுத்து இது. ஐரோப்பியப் பேனா முனையும் செப்புத் தகட்டுச் செதுக்கலும் பழக்கிய தடிமன்–மெலிவை நெட்டுக்கோடு, கிடைக்கோடு என்ற கணக்கில் இதன்மேல் ஏற்றினால் பொருந்தாது. தமிழுக்கும் உயர்ந்த தடிமன் வேறுபாடு கொண்ட அழகான தலைப்பு எழுத்து வரவேண்டும் என்பதுதான் என் ஆசையும், ஆனால் எந்த எழுத்தில் எந்தக் கோடு மெலியலாம் என்று தமிழ் வடிவத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக முடிவு செய்து வரைய வேண்டும், சாஃப்ட்வேரில் இழுத்து மெலிய வைத்தால் வராது.

சரி, உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். நியூஸ்பிரிண்டில் 30 பாயின்ட்டுக்கு மேல் போடோனியைத் தாராளமாகப் போடுங்கள், வெள்ளைத் தாளில் கறுப்பு மையாக. வழவழப்பான ஆர்ட் பேப்பரில் வரும் ஆண்டு மலர் என்றால் இன்னும் கொஞ்சம் இறங்கலாம். படக்குறிப்புக்குச் சின்ன அளவுக்கென்றே வரைந்த எழுத்தை எடுங்கள், இல்லையென்றால் தடிமன் வேறுபாடு குறைந்த வேறு செரிஃபைப் போடுங்கள். அப்புறம், கம்ப்யூட்டர் திரையில் 200 சதவீதம் பெரிதாக்கி ஓகே சொல்வதை விட்டுவிட்டு, பக்கம் போகும் முன் அதே நியூஸ்பிரிண்டில் நிஜ அளவுக்கு ஒரு புரூஃப் எடுத்து, கண்ணாடி போட்ட யாராவது ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.

இப்படிக்கு,
அச்சுத் தொழிலில் இருக்கும் வாசகர்,
சிவகாசி