மில்லிமீற்றரைத் தாங்கிக் கணக்கில் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

"சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கும் அதிகமான பலத்த மழை" என்ற வானிலை அறிவிப்பு வரியை அப்படியே பிரசுரிக்கிறீர்கள். கொட்டாஞ்சேனையில் கடை திறக்கப் போகிறவருக்கு அது எவ்வளவு தண்ணீர்? ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் பெய்தால் ஒரு லீற்றர். 500 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் என்றால் ஏறத்தாழ 4,600 லீற்றர். ஆயிரம் லீற்றர் தாங்கியில் நாலரை! அக்கம்பக்கத்துக் கூரைத் தண்ணீரும் அதே ஒழுங்கைக் கானுக்குத்தான் இறங்கும். நாள் முழுக்கப் பரவிப் பெய்தால் கான் ஓரளவு தாங்கும். இரண்டு மணித்தியாலத்தில் கொட்டினால் வீட்டுக்குள் வரும். ஆகவே நேரத்தையும் போடுங்கள்.

நம்பாதவர் அளந்து பார்க்கலாம். அடி தட்டையான, நேர்ச்சுவர்க் கண்ணாடிப் பாத்திரமும் அடிமட்டமும் போதும். (சோடாப் போத்தல் உதவாது, வாய் குறுகல், அடி மேடுபள்ளம்.) மதிலின் உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி வைத்து, தினமும் காலை 8.30க்கு வாசித்துவிட்டுக் கொட்டிவிட வேண்டும்.

காலநிலை மாற்றத்துக்குப் பனிக்கரடிப் படம் இனி வேண்டாம். காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும் என்று, மழைச் செய்தியின் கீழேயே ஒரு வரி போடுங்கள்.

வாசகர்,
கொழும்பு 13