மதம் மாறினவனுக்கு எந்த ஊர் ஜமாஅத்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மதமாற்றம் பற்றி உங்கள் பத்திரிகையில் வருகிற செய்திகளையும் கடிதங்களையும் விடாமல் படிக்கிறவன் நான். ஏன் மாறினான், யார் மாற்றினது, காசு வாங்கினானா, பெண்ணுக்காகவா, இதோடு எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். மாறின பிறகு அவன் எப்படிப் பிழைக்கிறான் என்று ஒருத்தரும் எழுதிப் பார்த்ததில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

எனக்குக் குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். காலனிக்காரன், எஸ்.சி. பேரணாம்பட்டில் ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற வேலைக்கு வந்தேன். மதியம் கூட வேலை செய்கிற பாய்மார்கள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து, வாடா என்று கூப்பிட்டு ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் எனக்குத் தனி கிளாஸ். வேற காரணம் தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளட்டும். 2006-ல் கலிமா சொல்லி முஸ்லிம் ஆனேன், ஒரு ரூபாய் யாரிடமும் வாங்கவில்லை, இன்றைக்கும் அந்த ஈமானில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கஷ்டம் எல்லாம் மனுஷர்களிடமும் காகிதத்திலும்தான்.

முதலில் வீடு. அண்ணன் பேசுவதை நிறுத்தினார். அம்மா மட்டும் குடியாத்தம் பஸ் ஸ்டாண்டுக்கு யாருக்கும் தெரியாமல் வந்து, முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் காசை என் கையில் திணித்து, "சாப்ட்டியா கண்ணு" என்று பழைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும். அப்பா செத்தபோது பாடை தூக்க என்னை விடவில்லை. தெரு முனையில் மோளம் அடிக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன், சின்ன வயசில் என்னோடு சுற்றின பையன்கள்தான் வந்து பக்கத்தில் நின்றார்கள். சாவு வீட்டுக்குப் போகலாமா என்று நான் தொழுகிற பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடம் கேட்டபோது, "அவங்க உன் அத்தா, போய் உங்க அம்மா பக்கத்துல இரு" என்று சொல்லி அனுப்பியவர் அவர். அந்தப் பெரிய மனுஷனுக்காக இன்றைக்கும் துஆ செய்கிறேன்.

அப்புறம் சொத்து. மதம் மாறினவனுக்குப் பங்கு கிடையாது என்று ஊரில் பஞ்சாயத்து வைத்துச் சொல்லிவிட்டார்கள். அது தப்பு. 1850-லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டுவிட்டான், மதம் மாறினான் என்பதற்காக ஒருத்தனுடைய வாரிசு உரிமை போகாது. ஆனால் 1956-ம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டம் 26-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது: மாறின பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இந்து உறவினர் சொத்தில் வாரிசு உரிமை இல்லை, சொத்துக்காரர் இறக்கும் நேரத்தில் அவர்கள் இந்துவாக இருந்தால் ஒழிய. அதாவது அம்மாவுக்கு முன்னால் நான் கண்ணை மூடினால் அம்மாவுடைய பாகத்தில் என் பங்கை என் மகள் கேட்க முடியாது. இது தெரியாமல் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அம்மா உயிரோடு இருக்கும்போதே உயில் எழுதி வாங்குங்கள் என்றுதான் என்னைப் போன்றவர்களுக்குச் சொல்கிறேன், பாட்டி விருப்பப்பட்டுப் பேத்திக்கு எழுதிவைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை.

இந்தப் பக்கம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நிக்காஹ் பேச்சு வந்ததும், "பாய், உங்க ஊர் ஜமாஅத் லெட்டர் கொண்டாங்க" என்றார்கள். ஜமாஅத் என்றால் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகம். எங்கள் ஊரில் பள்ளிவாசலே கிடையாது, லெட்டர் யார் கொடுப்பது? வேலை செய்கிற ஊர் ஜமாஅத்தில் கேட்டால், நீங்கள் இந்த மஹல்லாக்காரர், அதாவது இந்தப் பள்ளிவாசல் பகுதிக்காரர், இல்லையே என்கிறார்கள். எந்த கான்தான் (குடும்ப வழி), வீட்டில் உருதா தமிழா என்று கேள்வி வேறு. வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கமெல்லாம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயான் (பிரசங்கம்) பல பள்ளிவாசல்களில் உருதுவில்தான். நான் புரியாமல் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வெள்ளிக்கிழமைகள் நிறைய. கடைசியில் வாணியம்பாடி பக்கத்தில் ஒரு தமிழ் பேசும் குடும்பம் பெண் கொடுத்தார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நல்லது செய்யட்டும். ஆனாலும் ஊரில் என்னை அடையாளம் சொல்லும்போது இன்னும் "அந்த நவ்முஸ்லிம்", அதாவது புது முஸ்லிம், என்றுதான் சொல்கிறார்கள். இருபது வருஷம் ஆகப் போகிறது, எப்போதுதான் நான் பழைய முஸ்லிம் ஆவேன்?

காகிதக் கதை தனி. காஜியிடம் சான்றிதழ் வாங்கி, சென்னைக்கு அனுப்பி அரசிதழில் பெயர் மாற்றி, அதைக் காட்டி ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் எல்லாம் மாற்றினேன். பி.எஃப். மட்டும் பழைய பெயரில் நின்றுவிட்டது. ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப்.பில் ஒரு பெயர், பணம் எடுக்க முடியவில்லை. கம்பெனியும் நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஜாயின்ட் டிக்ளரேஷன் கொடுங்கள் என்றார்கள், அந்தக் கம்பெனியோ மூடிக் கிடந்தது. கை தேய ஓட்டின மிஷின் காசு அது.

எல்லாவற்றையும் விடப் பெரிசு சாதிச் சான்றிதழ். 1950-ம் வருஷத்து குடியரசுத் தலைவர் ஆணைப்படி முதலில் இந்துக்கள், 1956-ல் சீக்கியர், 1990-ல் பௌத்தர், இவர்கள் மட்டும்தான் எஸ்.சி. நான் கலிமா சொன்னதும் சர்க்கார் கணக்கில் என் சாதி போய்விட்டது, ஊரில் போகவில்லை. அதே டீக்கடை, அதே ஏச்சு, அண்ணனுக்கு வன்கொடுமைச் சட்டம் துணைக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. மதத்தைப் பார்க்காமல் எஸ்.சி. தகுதி கொடுக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே சொன்னது. 2022-ல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். ஆணையம் மேல் ஆணையம் வருகிறது, காலனியில் பிறந்தவன் பிழைப்பு அப்படியே இருக்கிறது.

தமிழ்நாட்டில் இஸ்லாத்துக்கு மாறினவர்களை ரொம்ப காலம் இடஒதுக்கீடு இல்லாத இதர வகுப்பு என்று ஒதுக்கினார்கள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதின ஒருத்தர் தன்னைப் பி.சி. முஸ்லிமாக எடுக்கச் சொல்லி வழக்கு போட்டு, 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தோற்றார். 2024 மார்ச்சில்தான் பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர், எஸ்.சி.யில் இருந்து மாறினவர்களைப் பி.சி. முஸ்லிமாகக் கருதலாம் என்று அரசாணை வந்தது. அதற்கு அப்புறம் மகளுக்காக நான் ஏறி இறங்கின ஆபீசில், "அப்பா டி.சி.யில இந்து ஆதிதிராவிடர், பொண்ணு பி.சி. முஸ்லிமா, எப்படிங்க?" என்று கேட்டுப் ஃபைலைத் திருப்பித் தந்தார்கள். மாறினவனுடைய பிள்ளைக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவைக்கக் கூடாதா? வேலூர் கலெக்டர் ஆபீஸ் மனசு வைத்தால் ஒரு நாள் வேலை.

ஜமாஅத் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சொந்த ஊரில் பள்ளிவாசல் இல்லாத என் போன்றவர்களை, வேலை செய்து குடியிருக்கிற ஊர் மஹல்லாவில் பெயர் எழுதிக்கொள்ளுங்கள், சந்தா வாங்கிக்கொள்ளுங்கள். நான் செத்தால் அண்ணன் வந்து உடம்பைக் கேட்பார் என்று பயந்து, என்னை முஸ்லிமாகத்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று பத்து ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். அந்தத் தாளை வாங்கி உங்கள் ரிஜிஸ்டரில் வைத்து, பள்ளிவாசல் அடக்கத்தலமான கபரஸ்தானில் எனக்கு இடம் உண்டு என்று இப்போதே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டம்