தம்பிக்கு, அந்த துவக்க வாங்குறதுக்கு முன்னால

தம்பி,

நல்லா இருக்கியா. இங்க பொகவந்தலாவையில ரெண்டு கெழமையா ஓயாம மழ, அம்மாவுக்கு முட்டு வலி கொஞ்சம் கூடிருச்சு, மத்தபடி எல்லாரும் சொகம். நீ வாட்ஸ்அப்புல அனுப்புன போட்டோ எல்லாத்தையும் அக்கா மகேன் டேப்ல பெருசாக்கி காட்டுனான், ராத்திரி கண்ணாடிய போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா பாத்தேன், வாய்ஸ்ல சொன்னா பாதி மறந்துரும்னு எழுதுறேன், பொறுமையா படி.

நீ ஏன் அந்த பழைய லீ-என்பீல்ட் துவக்க, அதான் பிரிட்டிஷ் பட்டாளத்து ரைபிள, வாங்க ஆசப்படுறன்னு எனக்கு தெரியும். தாத்தா பெரிய தொரை பங்களாவுல துவக்கு தொடச்ச கதைய உனக்கு சொன்னதே நான்தான். அந்த தொரை சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர்ல (சிபிஆர்சி) இருந்தாரு, அது தோட்டத்து தொரைமாருங்க சேந்த தொண்டர் படை, 1900ல தொடங்குனது, கண்டியிலதான் தலைமையகம், 1949ல கலைச்சிட்டாங்க. தொரை சுட்டு பழகிட்டு வந்து துவக்க குடுத்தா தாத்தா மொதல்ல எண்ணெய தொட மாட்டாராம், கேத்தல்ல தண்ணிய கொதிக்க வச்சு புனல் வச்சு பேரலுக்குள்ள ஊத்துவாராம். அந்தக்காலத்து தோட்டாவோட அடியில இருக்குற கேப்புல (ப்ரைமர்) இருந்த மருந்து வெடிச்சதும் உப்பு மாதிரி ஒண்ணு உள்ள படிஞ்சிரும், உப்பு எண்ணெயில கரையாது தண்ணியிலதான் கரையும், நம்ம மலையில இருக்குற ஈரத்துக்கு ஒரு ராத்திரி விட்டா போதும் துரு புடிச்சிரும். தண்ணி ஊத்தி, கயித்துல துணிய கட்டி இழுத்து, காஞ்சப்பறம்தான் எண்ணெ. இத ஏன் சொல்றேன்னா நீ வாங்கப்போற சாமானோட வெல பாதி அந்த பேரலுக்குள்ளதான் இருக்கு, வெளிய மினுமினுக்குறதுல இல்ல.

இப்ப அத விக்கிற ஆளு சொல்ற கதைக்கு வர்றேன். சிலோன் தொரைமாரு படையோட துவக்கு, 1915ல துருக்கியில கல்லிப்போலி சண்டைக்கு போய் வந்தது, அதனாலதான் 1,800 டொலர்னு சொல்றாரு. படை போனது உண்மதான், 1914 ஒக்டோபர்ல இங்க இருந்து கப்பல் ஏறி எகிப்துக்கு போனாங்க, கல்லிப்போலியில அவுஸ்திரேலியா, நியூசிலாந்து படைக்கு தலைவரா இருந்த ஜெனரல் பேர்ட்வுட்டுக்கு காவலா இருந்தாங்க. ஆனா நீ அனுப்புன மூணாவது போட்டோவ திரும்ப பாரு. பின் கட்டையும் இரும்பும் சேருற எடத்துல வலது பக்கம் கிரீடம், அதுக்கு கீழ பிஎஸ்ஏன்னு துவக்கு செஞ்ச கம்பனியோட பேரு, அதுக்கு கீழ 1917, அப்பறம் த்ரீ போட்டு பக்கத்துல ஒரு நட்சத்திரம். அந்த நட்சத்திரம் வச்ச மாடலே 1916லதான் முறையா வந்தது, சண்ட நடக்கயில சீக்கிரமா செய்யணும்னு தோட்டா வைக்கிற மகசீனுக்கு மேல இருந்த கட்-ஆப் தகடு, தூரத்துக்கு குறி பாக்குற பக்கவாட்டு சைட்டு, இதெல்லாம் எடுத்துட்டாங்க. 1917ல பெக்டரிய விட்டு வந்த துவக்கு 1915ல எப்படி கல்லிப்போலிக்கு போகும்? அவரு வேணும்னே பொய் சொல்றாருன்னு நான் சொல்லல, அவருக்கு வித்தவன் சொன்னத அப்படியே சொல்லலாம், ஆனா அந்த கதைக்கு நீ காசு குடுக்காத.

கட்டையில பதிச்சிருக்குற பித்தள வில்லையில சிபிஆர்சின்னு வெட்டியிருக்குன்னு சந்தோசமா எழுதியிருந்த. தம்பி, அந்த வில்ல ஒரே ஒரு ஸ்குரூவுல நிக்கிது. ரெண்டு நிமிசத்துல கழட்டி வேற துவக்குல பூட்டலாம், புதுசா எழுத்து வெட்டியும் பூட்டலாம். வில்லைக்கும் மரத்துக்கும் நடுவுல நூறு வருசத்து அழுக்கும் எண்ணெயும் இறுகி கருப்பா நிக்கிதா, இல்ல புது வெட்டு மாதிரி சுத்தமா இருக்கானு பாரு. ஸ்குரூ தலையில கோடு பிஞ்சிருக்கா பாரு. நான் முப்பத்தி நாலு வருசம் தேயில ஸ்டோர்ல பிட்டரா இருந்தவன், ஒரு மெசின் பொய் சொல்லுதானு பாக்க மொதல்ல ஸ்குரூவத்தான் பாப்பேன். அப்படி இருந்தும் நீ ஓஎல் படிக்கிற வருசம் மரக்கறி தோட்டத்துக்கு தண்ணி எறைக்க ஒரு பழைய எஞ்சின் வாங்குனேனே, ஞாபகம் இருக்கா, பெயிண்ட் பளபளன்னு இருந்தது, நம்பர் தகடும் இருந்தது, தகட்டோட ஆணி மட்டும் புதுசா இருந்தது, அத பாத்தும் ஆசையில பேசாம காச குடுத்துட்டேன். மூணே மாசம். அம்மாவோட சீட்டு காசு அது, இன்னைக்கும் எனக்கு மனசு வலிக்கும்.

அதனால நம்பர பாரு. பேரல் வந்து பூட்டுற அந்த வளையத்துல ஒரு நம்பர் இருக்கும், அதே நம்பர் பேரல்ல, போல்ட்டு (தோட்டாவ உள்ள தள்ளி மூடுற இரும்பு) கைப்பிடிக்கு பின்னால, பின் சைட்டு தகட்டோட அடியில, முன்னால மூக்கு மாதிரி இருக்குற இரும்புல, முன் கட்டையோட அடி நுனியில எல்லாம் இருக்கணும். எல்லாம் ஒண்ணாவே இருந்தா அது நல்ல வெலைக்குப் போற சாமான். இதுல எனக்கு ரொம்ப முக்கியம் போல்ட்டுதான், ஏன்னா அத அந்தந்த துவக்குக்கு பாத்து பாத்து பொருத்துனது, வேற நம்பர் போல்ட்டுன்னா வெல மட்டும் இல்ல உன் உசுரும் சம்பந்தப்பட்டது. நம்பர் எல்லாம் ஒண்ணுன்னு சொன்னாலும் எழுத்து அச்ச பாரு, பழச அராவிட்டு புதுசா அடிச்சிருந்தா அந்த எடம் லேசா குழி விழுந்து, சுத்தி இருக்குற இரும்பவிட வேற நெறத்துல தெரியும். பழைய நம்பர கோடு போட்டு வெட்டிட்டு பக்கத்துல புது நம்பர் இருந்தா அதுக்கு பயப்பட வேணாம், அது பட்டாளத்து வேர்க்சொப்புலயே செய்றதுதான், ஒளிக்காம செஞ்சது.

மரத்த கையால தடவி பாரு. மணல் கடதாசி போட்டு தேச்சிருந்தா ஓரமெல்லாம் உருண்டு போயிரும், இரும்பு மரத்தவிட கொஞ்சம் தூக்கி நிக்கும், மரத்துல அடிச்ச முத்திரை மங்கிரும். தேச்சு வார்னிஷ் அடிச்சது போட்டோவுல அழகா இருக்கும், ஆனா சேகரிக்கிறவங்க அதுக்கு கொறச்சுத்தான் குடுப்பாங்க. முன் கட்டைய வெட்டி வேட்ட துவக்கு மாதிரி ஆக்கியிருந்தா இன்னும் கொறவு. மகசீனுக்கு முன்னால கட்டைய குறுக்கால தொளச்சு ஒரு ஸ்குரூ போட்டிருக்கானு பாரு, இருந்தா அது இந்தியாவுல இஷாப்பூர் துவக்கு பெக்டரியில திருத்துனது, கெட்டதுன்னு இல்ல, ஆனா தொரை வீட்டு சுவருலயே தொங்குனதுன்னு சொல்ற கதை அங்கயே முடிஞ்சிரும். பிரிட்டிஷ் அரசாங்க முத்திரையான அம்பு ரெண்டு முனைக்கு முனை முட்டுற மாதிரி அடிச்சிருந்தா அரசாங்கம் வித்துட்டதுன்னு அர்த்தம். டிபி ரெண்டெழுத்து எங்கயாவது கண்டா பேசாம வந்துரு, அது பரேட் பழக ஒதுக்குனது, சுடுறதுக்கு இல்ல.

பேரல வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு பாரு, போல்ட்ட கழட்டிட்டு, உள்ள தோட்டா இல்லைன்னு ரெண்டு தடவ பாத்துட்டு. உள்ள வெட்டியிருக்குற அஞ்சு கோடு இடப்பக்கமா சுத்தி போகணும், கோட்டோட ஓரம் கூரா தெரியணும். கருப்பு புள்ளி புள்ளியா இருந்தா அது சுடு தண்ணி ஊத்தாத எவனோ வச்சிருந்த துவக்கு. அப்பறம் துவக்கு திருத்துற ஒரு கன்ஸ்மித்கிட்ட ஹெட்ஸ்பேஸ் கேஜ் (மூடுன போல்ட்டுக்கும் தோட்டா விளிம்பு உக்காருற எடத்துக்கும் நடுவுல உள்ள எடைவெளிய அளக்குறது) போட சொல்லு, 0.064 அங்குல கேஜ்ல போல்ட்டு மூடணும், 0.074ல மூடக்கூடாது. அதுக்கு விக்கிறவரு ஒத்துக்கலன்னா நீயும் ஒத்துக்காத.

வெலைய பத்தி. கடையில எழுதி வச்சிருக்குற வெல ஆசப்படுற வெல, ஏலத்துல வித்து முடிஞ்ச வெலதான் வெல. அதே மாடல், கிட்டத்தட்ட அதே வருசம், அதே நெலமையில வித்தது மூணு நாலு தேடி எடுத்து எழுதி வை. கமிஷன், வரி சேத்ததா சேக்காததா பாரு, அத கவனிக்காம ஒப்பிட்டா தப்பா போயிரும். அதுல இருந்து போல்ட்டு நம்பர் மாறுனதுக்கு கழி, பேரல் கெட்டதுக்கு கழி, மரம் தேச்சதுக்கு கழி. சிலோன் கதைக்கு நம்பர் எழுதுன பழைய கடதாசி, படையோட பதிவு எதுவும் காட்டுனா அதுக்கு தனியா யோசிக்கலாம். காட்டலன்னா அது பிஎஸ்ஏ செஞ்ச 1917 துவக்கு, அந்த வெலதான். மரியாதையா சொல்லு, ஐயா கதைய நீங்களே வச்சுக்கங்க, துவக்குக்கு மட்டும் நான் இவ்வளவு தர்றேன்னு.

லைசன்ஸ் எடுத்துட்டன்னு சொன்ன, சந்தோசம், நீ இருக்குற நாட்டு சட்டப்படி கைமாத்துறதுக்கு முன்னால லைசன்ஸ சரிபாத்து அனுமதி நம்பர் வாங்கணும்ல, அத அவரு செய்யாம சும்மா எடுத்துட்டு போன்னு சொன்னா வேணவே வேணாம். இங்க கொண்டு வர்ற யோசன கனவுலயும் வேணாம், அம்மாவுக்கு பயம்.

நாளைக்கு எனக்கு மூணு போட்டோ அனுப்பு. போல்ட்டு கைப்பிடியோட பின்பக்கம், மூக்கு இரும்பு நம்பர் தெரியிற மாதிரி, அந்த வில்லைய கழட்டி அடியில இருக்குற மரம். கழட்ட விடலன்னா அதையும் சொல்லு.

இன்னொண்ணு, பொறந்த நாளைக்கு சொல்லலாம்னு இருந்தேன். தொரை ஊருக்கு போகயில தாத்தாவுக்கு குடுத்த பித்தள எண்ணெ குப்பி, பின் கட்டைக்குள்ள வைக்கிறது, அம்மா தையல் மெசினுக்கு எண்ணெ விட வச்சிருக்கா. நேத்து சாம்பல் போட்டு தேச்சேன், அடியில சின்ன அம்பு முத்திர தெரியிது. மூடியில தாத்தா கத்தியால கீறுன அவரோட ஒரு எழுத்தும் இருக்கு. துவக்கு வாங்குனாலும் வாங்காட்டியும் டிசம்பர்ல வரும்போது எடுத்துக்க, துணியில சுத்தி அலுமாரியில வச்சிருக்கேன்.

அப்பா