எலி மருந்தல்ல, அம்மாவின் மாத்திரை

ஆசிரியருக்கு வணக்கம்.

இதய வால்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் அம்மா, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறார். ‘எலி மருந்தையா கொடுக்கிறார்கள்?’ என்று உறவினர் ஒருவர் கேட்டுவிட, அம்மா பயந்துபோனார். பெயரின் கதையைச் சொல்லித்தான் தேற்றினேன்.

பூஞ்சை பிடித்த க்ளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள், ரத்தம் உறையாமல் வட அமெரிக்காவில் மடிந்துகொண்டிருந்த காலம். 1933இல் ஒரு விவசாயி செத்த பசுவோடும், உறையாத ரத்தம் நிறைந்த பால் கேனோடும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே உயிர்வேதியியலாளர் கார்ல் பால் லிங்கின் குழு, ரத்தத்தை உறையவிடாமல் தடுத்த பொருளைக் கண்டுபிடித்தது. அதன் வழியில் பிறந்ததே வார்ஃபரின். ஆய்வுக்குப் பணம் தந்த ‘விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளை’யின் ஆங்கில முதலெழுத்துகள்தாம் ‘வார்ஃப்’. ‘அரின்’ என்பது கூமரின் என்ற வேதிப்பொருள் பெயரின் வால். படித்த கல்லூரிக்கு முன்னாள் மாணவர்கள் செய்ய இதைவிட என்ன வேண்டும்!

எலிகளுக்கென 1948இல் வந்த மருந்து, 1954இல் மனிதருக்கு அனுமதிக்கப்பட்டது. மறு ஆண்டே மாரடைப்பு கண்ட அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கும் கொடுத்தார்கள்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் பெயர்க்காரணத்தையும் ஒரு வரி சேருங்கள். பயந்து மாத்திரையை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள்.

– ஒரு வாசகி, மதுரை