ஊசி குத்தினால் குழி மேலே வருமா?

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் கிடைத்தது. வேலை மாற்றம் ஒருவழியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. இப்போது பேப்பரில் பொடி எழுத்து வரி விளம்பரம் வரைக்கும் கண்ணாடி இல்லாமல் படிக்கிறாள். வீட்டில் எந்த மூலையில் ஒட்டடை இருக்கிறது என்பதும் தெரிய ஆரம்பித்துவிட்டது. அதுதான் எங்களுக்குக் கஷ்டம்.

கயல் விஷயத்தைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைத்த மாதிரி எழுதியிருக்கிறாய். பரு விட்டுப்போன குழிகளுக்கு மைக்ரோநீட்லிங் செய்துகொள்கிறேன் என்று அவள் நிற்கிறாள். முகத்தில் போய் ஊசி குத்துவதா என்று அவள் அம்மா பதறுகிறார். நடுவில் நீ. சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறாய். கல்லூரியில் என் கன்னத்தைப் பார்த்து நீங்கள் எல்லாம் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன், கயலும் இதைப் படிப்பாள். ஆனால் அந்தக் கன்னத்துக்குத்தான் போன வருடம் இந்த ஊசி வைத்தியம் முழுசாகச் செய்துகொண்டேன். அதனால் நான் பட்டதும் படித்ததும் கலந்தே எழுதுகிறேன்.

செய்யலாமா வேண்டாமா என்பதற்கு முன்னால், கயல் முகத்தில் இருப்பது என்ன வகைக் குழி என்று தெரிய வேண்டும். மற்ற எல்லாமே அதைப் பொறுத்ததுதான். தோல் டாக்டர்கள் பள்ளமான பருத் தழும்பை மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதல் வகை ஐஸ்பிக்: வாய் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு, ஆணியால் குத்தினாற்போல் ஆழமாக இறங்கும். பருத் தழும்புகளில் பெரும்பங்கு இதுதான். இரண்டாவது பாக்ஸ்கார்: வட்டமாக, செங்குத்தான ஓரத்தோடு, அம்மைத் தழும்பு மாதிரி. மூன்றாவது ரோலிங்: நான்கைந்து மில்லிமீட்டர் அகலத்துக்கு, ஓரமே தெரியாமல் அலை அலையாக இருக்கும். மெத்தையில் பொத்தான் வைத்துத் தைத்த இடம் உள்ளே இழுபடுகிறதல்லவா, அப்படித் தோலுக்கு அடியில் நார்கள் பிடித்து இழுப்பதால் வருவது. ஒரே முகத்தில் மூன்றும் கலந்திருப்பதுதான் வழக்கம்.

மைக்ரோநீட்லிங் நன்றாகக் கேட்பது ரோலிங் தழும்புக்கும், ஆழமில்லாத பாக்ஸ்காருக்கும். ஐஸ்பிக் குழிக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது. அதன் அடிமட்டம் ஊசி போகிற ஆழத்துக்கும் கீழே இருக்கும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, கன்னத்தை இரண்டு விரலால் இழுக்கச் சொல். இழுத்ததும் பள்ளம் மறைந்தால் நம்பிக்கை உண்டு. இழுத்தும் அப்படியே நின்றால் ஆழமானது, அதற்கு வேறு வைத்தியம். குட்மன், பேரன் என்ற இரண்டு டாக்டர்கள் 2006-ல் வெளியிட்ட தழும்பு அளவுகோலிலும் மூன்றாம் நிலைக்கும் நான்காம் நிலைக்கும் உள்ள வித்தியாசம் இந்த இழுவைதான்.

இன்னொன்று. இந்த வயதுப் பிள்ளைகள் தழும்பு என்று கண்ணாடி முன் நின்று அழுவதில் பாதி தழும்பே இல்லை. பரு ஆறிய இடத்தில் கறுப்பாகவோ சிவப்பாகவோ நிற்கும் தட்டையான அடையாளம் அது. விரலால் தடவினால் பள்ளம் தட்டாது. வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் மாதக்கணக்கில் தானே மங்கும், தேவைப்பட்டால் பூசுமருந்து இருக்கிறது. அதற்கு ஊசி வேண்டாம்.

சரி, ஊசி என்னதான் செய்கிறது? வேண்டுமென்றே காயம் செய்கிறது. மிக மெல்லிய ஊசிகள் தோலின் மேலடுக்கைத் தாண்டி, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதம் இருக்கும் உள்அடுக்குவரை ஆயிரக்கணக்கில் நுண்துளை போடுகின்றன. துளியூண்டு ரத்தம் கசியும். அதிலுள்ள, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகள், இங்கே காயம் என்று வளர்ச்சிக் காரணிகளை வெளியே விடும். அதைக் கேட்டு ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் வந்து புதுக் கொலாஜன் நெய்ய ஆரம்பிக்கும். முதலில் வருவது மூன்றாம் வகை, அவசரத்துக்குப் போட்ட தற்காலிகச் சரக்கு. அது மெதுவாக உறுதியான முதல் வகையாக மாறும். இந்த மாற்றம் மாதக்கணக்கில் நடக்கிறது, அதனால் பலனும் மாதக்கணக்கில்தான் தெரியும்.

இது கண்டுபிடிக்கப்பட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. கமிராண்ட், டூசே என்ற இருவர் வெளுத்துப் போன தழும்புகளை மறைக்கத் தோல் நிற மையைப் பச்சை குத்தினார்கள். காலப்போக்கில் மை மங்கியது, ஆனால் தழும்பே முன்னைவிட நன்றாக இருந்தது. அப்படியானால் வேலை செய்தது மை இல்லை, ஊசிதான் என்று புரிந்துகொண்டு, மையே இல்லாமல் பச்சை குத்தும் கருவியால் குத்திப் பார்த்து 1997-ல் எழுதினார்கள். அப்புறம் தென்னாப்பிரிக்காவின் பிளாஸ்டிக் சர்ஜன் டெஸ்மண்ட் பெர்னாண்டஸ் உருளையில் ஊசி பதித்த கருவியைக் கொண்டுவந்தார். இப்போது பல இடங்களில் உருளைக்குப் பதில் மின்சாரப் பேனா வந்துவிட்டது. உருளை சாய்வாக நுழைந்து சாய்வாக வெளியே வரும், பேனா நேராக இறங்கி ஏறும். நெற்றிக்கு ஒரு ஆழம், கன்னத்துக்கு ஒரு ஆழம் என்று மாற்றிக்கொள்ளவும் வசதி.

மாநிறமும் கறுப்புமான தோலுக்கு இதில் ஒரு அனுகூலம் உண்டு. சில லேசர்களும், அமிலம் பூசித் தோலை உரிக்கிற ஆழமான பீலும் தோலின் மேலடுக்கையே எடுத்துவிடுகின்றன, அந்த இடம் ஆறும்போது கறுத்துப் போகும் ஆபத்து நம் மாதிரி நிறத்துக்கு அதிகம். ஊசியில் மேலடுக்கு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, சூடும் இல்லை. ஆபத்து குறைவு என்றுதான் சொல்கிறேன், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. ஆறும் நாட்களில் வெயிலில் அலைந்தால் இதிலும் கறுக்கும். சன்ஸ்கிரீன் போட மாட்டேன் என்கிற ஆள் இதற்குப் போகாமலே இருக்கலாம்.

வலியைப் பற்றித்தான் கயலின் அம்மா கவலைப்படுகிறார் இல்லையா? மரத்துப் போகும் க்ரீமைத் தடவி முக்கால் மணி, ஒரு மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். அதற்கு மேல் கன்னத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. நெற்றி எலும்பு மேலும் மேல் உதட்டிலும் கண்ணில் தண்ணீர் வரும். ஊசிமுனை அளவு ரத்தப் புள்ளிகள் சீராக எழும்பினால் அந்த இடம் போதும் என்று டாக்டர் நகர்வார். பார்க்கிறவர்களுக்குத்தான் பயம், அதனால் கூடப் போகிறவர் வெளியே உட்கார்ந்திருப்பது உத்தமம். வீட்டுக்கு வந்தபின் அன்று எரியும். இரண்டு மூன்று நாள் முகம் சிவந்து உப்பலாக இருக்கும். எனக்குச் சிவப்பைவிடக் கறுப்பாகத்தான் தெரிந்தது, ஆபீஸில் தூக்கமில்லையா என்று கேட்டார்கள். மேக்கப் அன்றைக்குக் கூடாது. நான்கு முதல் ஆறு வாரம் இடைவெளி விட்டு, மூன்று முதல் ஆறு முறை என்பதுதான் பொதுவான கணக்கு.

என் முகம் இப்போது எப்படி என்று கேட்பாய். குழி போய்விடவில்லை. ஆழம் குறைந்திருக்கிறது. மேலிருந்து விழும் விளக்கு வெளிச்சத்தில் கன்னத்தில் நிழல் விழுமே, அது நன்றாகக் குறைந்துவிட்டது. ஷேவ் செய்யும்போது பிளேடு முன்பு மாதிரி இடறுவதில்லை. நெற்றிப்பொட்டுப் பக்கம் இருந்த ஐஸ்பிக் குழிகள் மட்டும் அப்படியே நின்றன. நிற்கும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். அதற்கு டிசிஏ என்ற அமிலத்தைக் கூர்மையான குச்சியால் ஒவ்வொரு குழிக்குள்ளும் மட்டும் தொட்டு வைக்கிற முறை இருக்கிறது, அதைத் தனியாகச் செய்தார். அடியில் நார் பிடித்து இழுக்கும் குழிகளுக்கு சப்சிஷன்: தோலுக்கு அடியில் ஊசியை விட்டு அந்த நாரை அறுத்துவிடுவது. ஊசியோடு இதையும் சேர்த்துச் செய்தால்தான் ரோலிங் தழும்பில் முழுப் பலன் என்பது என் அபிப்பிராயம். வெறும் மைக்ரோநீட்லிங்கை மட்டும் எல்லா முகத்துக்கும் விற்கிறவர்களை நான் நம்புவதில்லை. டாக்டரிடம் போவதற்கு முன்னால் நான் விசாரித்த ஒரு அழகு நிலையத்தில் என் முகத்தை வெளிச்சத்தில்கூடப் பார்க்காமல் ஆறு முறைக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

கயலுக்கு இன்னும் புதுப் பரு வருகிறதா? நீ எழுதவே இல்லை. வந்தால் பொறுத்திருக்கச் சொல். பழுத்த பருவின் மேல் ஊசியை ஓட்டினால் கிருமி பரவும். அது ஒரு பக்கம், பரு அடங்காத முகத்தில் பழைய குழியைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே புதுக் குழி விழும். முதலில் பருவுக்கு மருந்து, அது சில மாதம் அடங்கி இருக்கட்டும். கடுமையான பருவுக்குக் கொடுக்கிற ஐசோட்ரெடினோயின் மாத்திரை சாப்பிட்டிருந்தால் எப்போது நிறுத்தினாள் என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்துத்தான் தோலைத் தொட வேண்டும் என்பது பழைய விதி. இப்போது பலர் அவ்வளவு கெடுபிடி காட்டுவதில்லை, ஆனால் அந்த முடிவு டாக்டருடையது. காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ அவளுக்குத் தழும்பு புடைத்து வளர்ந்திருக்கிறதா என்றும் பார். கீலாய்டு உடம்பாக இருந்தால் இந்தப் பேச்சையே விட்டுவிடலாம்.

ஆன்லைனில் உருளை வாங்கி வீட்டிலேயே தேய்க்கலாம் என்ற யோசனை அவளுக்கு இருந்தால் தடுத்துவிடு. வீட்டு உபயோக உருளையில் ஊசி கால் மில்லிமீட்டர் அளவில் இருக்கும், தழும்பின் அடிக்கு அது எட்டவே எட்டாது. நீளமான ஊசி வாங்கினால் எட்டும், கூடவே கிருமியும் போகும். குத்திய கையோடு கண்ட சீரத்தையும் தேய்க்கக் கூடாது. மேலே பூசத் தயாரித்த பொருள் துளை வழியாக உள்ளே போய், முகத்தில் கட்டி கட்டியாக ஒவ்வாமை வந்தவர்களைப் பற்றி 2014-லேயே மருத்துவ இதழில் வந்திருக்கிறது. சொந்த ரத்தத்தின் பிளாஸ்மாவைத் தடவும் பிஆர்பி கொஞ்சம் கூடுதல் பலன் தரலாம், ஆனால் அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதில்தான் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், உரிமம் இல்லாத ஒரு இடத்தில் முகத்துக்கு இதைச் செய்துகொண்ட பெண்களுக்கு எச்ஐவி தொற்றியது. அரசின் நோய்த் தடுப்பு மையமே 2024-ல் அறிக்கை வெளியிட்டது. ஊசி முனை உறையிலிருந்து நம் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும், ஒரே ஆளுக்குப் பயன்படுத்தித் தூக்கிப் போட வேண்டும். கயலின் அம்மாவிடம் சொல், அவர் பயம் நியாயமானதுதான், ஆனால் அதை ஊசிமேல் காட்டாமல் குத்துகிற கைமேல் காட்டட்டும்.

பருத் தழும்புக்கென்று அமெரிக்க மருந்து நிர்வாகம் முதன்முதலில் ஒரு மைக்ரோநீட்லிங் பேனாவுக்கு 2018-ல் அனுமதி கொடுத்தபோது, 22 வயதும் அதற்கு மேலும் என்று வரம்பு வைத்தது. அதற்குக் கீழே டாக்டர்கள் செய்வதே இல்லை என்று அர்த்தமில்லை. ஆனாலும் கயலுக்கு அவசரம் எதுவும் இல்லை, குழி எங்கேயும் ஓடிவிடாது. போகும் முன் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொல். இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து மாற்றம் வந்திருக்கிறதா என்று வீட்டில் பெரிய பட்டிமன்றமே நடக்கும்.

இன்னும் கேள்வி இருந்தால் அவளையே எனக்கு எழுதச் சொல், நீ நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டாம். உன் முழங்கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே? அடுத்த கடிதத்தில் அதை முதல் பக்கத்திலேயே எழுது.

அன்புடன்,
முரளி