'பாட்டா பாட்டா'வோடு நிறுத்திவிடாதீர்கள்

வானொலிகளிலும் இசைச் செயலிகளிலும் பாட்டுத் தேர்வு செய்யும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஆப்பிரிக்க இசை என்று எதைத் தொகுத்தாலும் தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மக்கேபாவைச் சேர்த்துவிடுகிறீர்கள். சந்தோஷம்தான். ஆனால் எப்போதும் அதே 'பாட்டா பாட்டா'. துள்ளலான பாட்டு, யாருக்கும் பிடிக்கும். ஆனால் அது தன் பாடல்களில் அவ்வளவு முக்கியமில்லாதது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அமெரிக்கப் பாடகர் ஹாரி பெலாஃபான்டேயுடன் அவர் 1965இல் வெளியிட்ட தொகுப்பை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். கிராமி விருது வாங்கிய தொகுப்பு அது. அதில் வெர்வூர்டை எச்சரிக்கும் பாட்டு ஒன்று உண்டு. 'கறுப்பன் வருகிறான், ஜாக்கிரதை' என்று தென்னாப்பிரிக்கப் பிரதமரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. மொழி தெரியாதவர் ஏதோ கொண்டாட்டப் பாட்டு என்றே நினைப்பார். அதை இயற்றிய தொழிற்சங்கத் தலைவர் வுயிசிலே மினியை 1964 நவம்பரில் பிரிட்டோரியாவில் தூக்கிலிட்டார்கள். மறு ஆண்டே அந்தப் பாட்டு மக்கேபாவின் குரலில் உலகத்துக்குப் போய்விட்டது.

அதற்குள் அவர் இழந்தவை கொஞ்சமல்ல. ஜோகன்னஸ்பர்க் ஜாஸ் மேடைகளில் வளர்ந்தவர். 1960இல் தாயின் அடக்கத்துக்குப் போகக் கிளம்பியபோதுதான் பாஸ்போர்ட் ரத்தானது தெரிந்தது. 1963இல் ஐ.நா. குழுவின் முன் தென்னாப்பிரிக்க அரசின் நிறவெறிக்கு எதிராகச் சாட்சி சொன்னார். குடியுரிமையைப் பறித்தார்கள், இசைத்தட்டுகளுக்கும் தடை. அப்புறம் 1968இல் கறுப்பர் உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேலைத் திருமணம் செய்ததும் அமெரிக்காவிலும் கச்சேரிகள் ரத்தாயின. மேற்கு ஆப்பிரிக்க நாடான கினியாவுக்குப் போனார். சொந்த மண்ணை மிதிக்க 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

'சொவெட்டோ ப்ளூஸ்' கேட்டிருக்கிறீர்களா? பாதிப் பாடங்களை ஆளும் வெள்ளையரின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் படிக்க வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்து, ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பர் குடியிருப்பான சொவெட்டோவில் 1976 ஜூன் 16 அன்று தெருவில் இறங்கிய மாணவர்களைப் போலீஸ் சுட்டதைப் பற்றிய பாட்டு. முன்னாள் கணவர் ஹியூ மசெகேலா எழுதியது. மக்கேபா அதில் கதறவில்லை, குரலை அடக்கியே பாடுகிறார். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

2008 நவம்பர் 9 அன்று, இத்தாலியில் மாஃபியாவை எதிர்த்து எழுதிய ரொபெர்த்தோ சவியானோவுக்கு ஆதரவான கச்சேரியில் பாடி முடித்ததும் சரிந்து விழுந்தார், அன்றிரவே இறந்தார். வருகிற நவம்பர் 9 அன்று இந்த இரண்டு பாட்டையும் போடுங்கள். போடுவதற்கு முன், யாரைப் பற்றியது, யார் எழுதியது என்று இரண்டு வரி சொல்லுங்கள். மினியின் பெயரை விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
ஒரு நேயர்